அமரர் அவர்களின் பின்னால்

கொட்டாஞ்சேனை வெண்டாமரை ஸ்டீம் லோண்டரியில் மிக ஆபத்தான பொருள் எது என்று கேட்டால், விசயம் தெரியாதவர்கள் கொதிகலன் என்பார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அப்பளம் போலத் தள்ளுகிற அந்த நீள ரோலர் என்பார்கள். இரண்டும் பிழை. ஆபத்தான பொருள் ரதி. மனிதக் காரணிகள் முகாமையாளர் சாந்தகுமார் இதை ஆராய்ந்து கண்டுபிடித்து, மீன் முள்ளு மாதிரி ஒரு படமும் வரைந்து, முள்ளின் தலையில் அவள் பெயரை எழுதி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியும் விட்டார்.

ரதி மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். பெற்றோர் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். தன்னை ஒரு பொருட்டாகவே அவள் அதுவரை எண்ணியதில்லை. பேராபத்தாக எண்ணிக்கொள்ள எங்கே போவாள்?

நடந்தது இவ்வளவுதான். ரோலருக்கு விரிப்பைக் கொடுப்பது மாக்ரெட்டின் வேலை, மறுபக்கத்தில் வாங்கி மடிப்பது ரதியின் வேலை. அன்று ஒரு விரிப்பின் மூலை முடிச்சு விழுந்து வந்தது. மாக்ரெட் அதை நீவிவிட விரலைக் கொண்டுபோனாள். ரோலருக்கு விரல் வேறு விரிப்பு வேறா?

"சுவிச்சு! சுவிச்ச அமத்தடி!"

ரதி ஓடினாள். ரோலரை நிறுத்தும் அவசர சுவிச் சுவரில்தான் இருந்தது. சிவப்பு நிறம், குருடனும் தடவிக் கண்டுபிடிக்கிற பருமன். ஆனால் சுவிச்சுக்கு முன்னால் அமரர் வயித்திலிங்கம் முதலாளி இருந்தார். லோண்டரியைத் தொடங்கியவர். அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், படத்தைப் பெரிதாக்கி மாட்ட இடம் தேடினார்கள். கிழக்குப் பார்த்த சுவர் அது ஒன்றுதான். இரவும் பகலும் எரிய வேண்டிய சின்ன பல்புக்குப் பிளக் இருந்ததும் அங்கேதான். புதிதாக ஆணி அடிக்கத் தேவையில்லாமல் சுவிச் பெட்டியின் மேல் விளிம்பே படத்தைத் தாங்கிக்கொண்டது. சுவிச்சை அமர்த்த வேண்டுமானால் மாலையை ஒதுக்கி, முதலாளியை ஒரு கையால் சரித்து, மறு கையை அவருக்குப் பின்னால் விட வேண்டும்.

ரதி அந்த முகத்தின் முன்னால் போய் நின்றாள். கை எழும்புவதற்குள் கால் இரண்டும் செருப்பைக் கழற்றிவிட்டன. கம்பனி கொடுத்த, வழுக்காத அடிப்பாகமுள்ள செருப்பு. தரை நனைந்து கிடந்தது. வெறுங்கால் சறுக்கி, முழங்கால் அடிபட விழுந்து, எழும்பி, முதலாளியைச் சரித்து அமர்த்தினாள். ரோலர் நின்றது. மாக்ரெட்டின் இரண்டு விரல்களில் தோல் இல்லை.

விசாரணை மேல்மாடியில் நடந்தது. சாந்தகுமார் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வெளிநாட்டில் சில மாதம் படித்துவிட்டு வந்திருந்தார். அங்கே குற்றம் சாட்டக்கூடாது என்று கற்பித்திருந்தார்கள். ஆகவே அன்பாகச் சாட்டினார்.

"ரதி, பயப்பிடாதேங்கோ. இங்க ஒருத்தரையும் குற்றம் சொல்லுறேல்ல. நீங்கள் ஏன் செருப்பைக் கழட்டினனீங்கள்?"

"முதலாளி படமுங்க சார்."

"படத்துக்கு முன்னால செருப்பைக் கழட்டச் சொல்லி எங்கட கம்பனியில விதி ஏதும் இருக்கே?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு ஆர் சொன்னது?"

ரதி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. மனம்கூடச் சொல்லவில்லை. அந்த நேரம் மனத்தில் மாக்ரெட்டின் அலறலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

"காலுதாங்க சார்."

சாந்தகுமார் மகிழ்ந்து போனார். 'பணியாளரின் கால், பணியாளரின் அனுமதியின்றிச் செயற்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார்: "பாருங்கோ, மெசின் தன்ர வேலையைத்தான் செய்தது. அதில பிழையில்லை. சுவிச் அமத்தினவுடன நிண்டது. அதிலயும் பிழையில்லை. சுவர் அசையேல்ல. படம் அசையேல்ல. எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா மிச்சம் இருக்கிறது மனிசன். இதைத்தான் ஹியூமன் எரர் எண்டு சொல்லுறது. இதில கையெழுத்துப் போடுங்கோ."

போட்டாள். மனிதத் தவறு ஒழிப்புத் திட்டத்தின் முதல் நபர் அவள் என்றும், திட்டத்தின் முடிவில் தவறு செய்யாதவளாக அவளுக்குச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் வேலை கிடையாது என்றும் கையெழுத்தின் மேல் அச்சிட்டிருந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். இத்தனை வருடம் கூடவே நடந்த கால்கள் இப்போது யாரோ அந்நியருடையவை போலத் தெரிந்தன. ஒரு கணம் முந்தியிருந்தால் மாக்ரெட்டின் தோல் இருந்திருக்கும். அந்தக் கணத்தைத் தான் எங்கே செலவழித்தோம்? பயத்திலா, மரியாதையிலா? இரண்டும் இரண்டா, ஒன்றேதானா? முதலாளி உயிரோடிருந்த காலத்தில் அவருக்குப் பயந்தாள், மரியாதை வைத்ததாக நினைவில்லை. செத்த பிறகு பயம் எப்படி மரியாதையானது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கால்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவை சொல்லவில்லை.

திட்டம் வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்தில் தொடங்கியது. கடற்கரைப் பக்கத்து மண்டபம். ரயில் போகும்போதெல்லாம் சாந்தகுமாரின் வாய் மட்டும் அசையும். கேளாமற் போன பகுதிதான் நல்லாயிருந்தது என்று பிறகு மாக்ரெட் சொன்னாள். அவள் கையில் கட்டோடு வந்து, ரதியின் பக்கத்துக் கதிரையில் வேண்டுமென்றே இருந்தாள்.

"மாக்ரெட் அக்கா, என்னால தானே..."

"வாய மூடு விசரி. மோதிரம் போட ஆளே இல்ல, விரல் இருந்தென்ன, போயென்ன? அங்க பார், உளுந்து வடை கொண்டு வாறாங்க."

வடை தின்பதற்கல்ல. விபத்து எப்படி நடக்கிறது என்பதை வெளிநாட்டில் ஓட்டையுள்ள பாற்கட்டித் துண்டுகளை வைத்துக் காட்டுவார்களாம். உள்நாட்டுக்கு ஏற்றபடி சாந்தகுமார் அதை வடையாக மாற்றியிருந்தார். "ஒவ்வொரு வடையும் ஒரு பாதுகாப்பு அரண். ஒவ்வொண்டிலயும் ஓட்டை இருக்கு. ஓட்டையெல்லாம் ஒரே நேர்ல வந்தா..." என்று ஒரு பென்சிலை வடை அடுக்கின் ஊடாகச் செலுத்திக் காட்டினார். "அப்ப நாங்கள் என்ன செய்ய வேணும்?"

கொதிகலனைப் பார்க்கும் ஷிப்லி கையை உயர்த்தினான். "ஓட்டையில்லாத வடை சுடோணும் சேர்."

"இல்லை! பென்சிலைத் திருத்த வேணும். பென்சில் ஆர்?"

மண்டபம் முழுதும் திரும்பி ரதியைப் பார்த்தது. அந்த இடைவேளையில் ஷிப்லி ஓர் அரணைத் தின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் வெண்டாமரையில் மனிதர்களைத் திருத்தும் வேலை மும்முரமாக நடந்தது. வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்து, அதன் மேல் 'இந்த ஆலையின் மிகவும் பலவீனமான பாகத்தை இங்கே காணலாம்' என்று மூன்று மொழியிலும் எழுதினார்கள். பெண்கள் அதில் பொட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். காலையில் எல்லோரும் வரிசையில் நின்று, நெஞ்சில் கைவைத்து, "நான் தவறக்கூடியவன், என் மெசின் தவறாதது" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ரோலரின் பெல்ட் அந்த உறுதிமொழியின் நடுவிலேயே ஒருநாள் அறுந்தது. ஒரு கணம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பிறகு மனநிலை ரிபன். கவலையோடு வேலை செய்வதால்தான் தவறு நேர்கிறது என்று சாந்தகுமார் ஒரு புத்தகத்தில் படித்தார். அதில் உண்மை இருந்தது. ஆகையால் அதைக் கவனமாகக் கையாண்டார். மனம் அமைதியாக இருப்பவர் கையில் பச்சை ரிபன், கவலை உள்ளவர் மஞ்சள், பெருந்துக்கம் உள்ளவர் சிவப்பு. சிவப்புக் கட்டியவர் அன்று வீட்டுக்குப் போகலாம், சம்பளம் கிடையாது. அடுத்த நாள் வெண்டாமரையில் அனைவரும் பேரமைதியில் இருந்தார்கள். பச்சை ரிபன் தீர்ந்து, யாரோ ஒரு ஹோட்டலின் பச்சைத் திரைச்சீலையின் கரையைக் கிழித்தார்கள். மகளை ஆசுபத்திரியில் விட்டுவிட்டு வந்த ஒருத்தி கண் வீங்கிப் பச்சை கட்டி விரிப்பு மடித்தாள். அமைதி இவ்வளவு விரைவாகப் பரவிய ஆலை இலங்கையில் வேறில்லை என்று சாந்தகுமார் அறிக்கை எழுதினார்.

ரதிக்கென்று தனி ஏற்பாடு. அவளுடைய செருப்பைக் கணுக்காலோடு சேர்த்து வாரால் கட்டி, கொக்கி போட்டு, பொழுதுபட வேலை முடிந்ததும்தான் அவிழ்க்க வேண்டும். காலையில் சாந்தகுமாரே குனிந்து கொக்கியை இழுத்துப் பார்ப்பார்.

"வடிவான கொலுசு," என்றாள் மாக்ரெட். "எங்கட மனேஜர் உன்ர காலில விழுறது எனக்கு நல்லா விருப்பம்."

ரதி சிரிக்கவில்லை. கட்டிய கால்களோடு நடந்து நடந்து, தனக்குள் உண்மையாகவே ஏதோ கோணல் இருக்கிறதென்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். சோற்றுப் பானையை இறக்கும்போது கையைச் சந்தேகித்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காலைச் சந்தேகித்தாள். ஒருவரைத் திருத்துகிறோம் என்று சொல்லி எடுத்த எடுப்பில் அவரிடமிருந்து கழற்றுவது இதைத்தான்: தன் உடம்பு தன்னுடையது என்ற நம்பிக்கை.

ஒரேயொரு முறை வேறு விதமாக ஒரு யோசனை வந்தது. முதலாளியின் மகனும் இப்போதைய முதலாளியுமான தயாபரன் வெள்ளவத்தை பிளாட்டிலிருந்து இறங்கி வந்து, பணியாளர்களின் கருத்தைக் கேட்ட நாள் அது. மாக்ரெட் கட்டு அவிழ்த்த விரல்களைக் காட்டி, "சேர், அந்தப் படத்த மற்றப் பக்கச் சுவரில மாட்டினா சரிதானே?" என்றாள்.

ரோலர்கூட மெதுவாகச் சுற்றியது போலிருந்தது. தயாபரனின் கண் கலங்கியது.

"அப்பா இந்த இடத்தில நிண்டு இந்த ஆலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்," என்றார். "அவர் உயிரோட இருக்கேக்க இங்க ஒரு விபத்தும் பதியப்படேல்ல. ஒண்டுகூட இல்லை. ஏனெண்டா அப்பாவுக்கு எழுதிப் பதியிறதெல்லாம் பிடிக்காது. ஆருக்கும் கையில பட்டா, தானே கூப்பிட்டு, நல்ல வார்த்தை சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திரும்பி வந்து ஒருத்தரும் முறைப்பாடு சொன்னதில்லை. திரும்பி வந்ததேயில்லை. அந்தக் காலத்து ஆக்களின்ர விசுவாசம் அது. இண்டைக்கு என்னெண்டா அவற்ற படம் இடைஞ்சலாம்!"

சாந்தகுமார் உடனே எழும்பி, படத்தை அசைப்பது மனிதக் காரணி அல்ல, அது சுவர்க் காரணி, தன் பிரிவுக்குள் வராது என்று விளக்கினார். ஆனால் மாக்ரெட்டின் ஆலோசனையைப் புறக்கணிக்கவில்லை. அடுத்த நாள் படத்துக்குக் கீழே பித்தளைப் பலகை ஒன்று ஏறியது: 'அவசர சுவிச் அமரர் அவர்களின் பின்னால் உள்ளது.' மூன்று மொழியிலும்.

"முந்தித் தெரியாதவங்களுக்கும் இப்ப தெரியும்," என்றான் ஷிப்லி. "முதலாளிக்குப் பின்னால என்ன ஈக்கிதெண்டு."

திட்ட நிறைவு விழா லோண்டரியிலேயே நடந்தது. ரோலர் நிறுத்தப்படவில்லை. அது சுற்றுவது புகைப்படத்துக்கு அழகு என்று புகைப்படக்காரர் சொல்லியிருந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். சாந்தகுமார் பேசினார்: "இண்டையிலயிருந்து வெண்டாமரையில மனிதத் தவறு இல்லை. இனி ஏதும் நடந்தா அது தவறாயிருக்காது, நடந்ததாத்தான் இருக்கும்." பலத்த கைதட்டல். சான்றிதழ்கள் ஒரு தட்டில் இருந்தன. ரதியினுடையது அடியில் இருந்தது. அவளுக்குக் கடைசியாக, நாடகம் போலக் கொடுப்பதற்காக. அவள் அந்தத் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாள் கிடைத்தால் வேலை உண்டு. அதோடு, தான் கோணலில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்ததாகவும் இருக்கும்.

தயாபரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீளமான, சரிகைக் கரை போட்ட பொன்னாடை. புகைப்படத்தின்போது நழுவக்கூடாதென்று சாந்தகுமார் தோளில் ஒரு ஊக்கும் கழுத்தோரம் ஒரு ஊக்கும் குத்திவிட்டார். பிறகு, தவறற்ற காலத்தின் முதலாவது விரிப்பை முதலாளியே ரோலருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

முதலாளி குனிந்தார். விரிப்பு உள்ளே போனது. விரிப்போடு பொன்னாடையின் நுனியும் போனது.

முதலில் எல்லோரும் அதை விழாவின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். தயாபரனும் புன்னகையைக் கைவிடவில்லை. கழுத்து ஒரு பக்கம் இழுபட்ட பிறகுதான், "சாந்தன்! சுவிச்!" என்று கத்தினார்.

சாந்தகுமார்தான் சுவிச்சுக்கு மிக அருகில் நின்றவர். பாய்ந்தார். அமரரின் முகத்துக்கு நேரே போனார். போய், குனிந்தார்.

சப்பாத்து லேசை அவிழ்க்கத் தொடங்கினார்.

அது இறுகக் கட்டிய லேஸ். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு. அவர் விரல் நகத்தால் அதைத் தோண்டிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் தயாபரனின் முகம் சூடான உருளையை நோக்கி அங்குலம் அங்குலமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ, "சேர், சேர்" என்று மரியாதையாக நினைவூட்டினார்கள். ஒரு சப்பாத்து கழன்றது. மற்றதில் கை வைத்தார்.

ரதி அதைப் பார்த்தாள். அந்தக் குனிந்த முதுகையும், லேசைத் தேடும் கையையும் பார்த்ததும், இத்தனை வாரமாக நெஞ்சில் சுமந்த எதுவோ ஒன்று அப்படியே இறங்கியது. அவருடைய கையும் அவரைக் கேட்கவில்லை. பாவம், அதுவும் தானாகத்தான் போகிறது.

அவள் ஓடினாள். செருப்பைக் கழற்ற நினைத்திருந்தாலும் கொக்கி விட்டிருக்காது. ஈரத் தரையில் கால் பிடித்து நின்றது. சாந்தகுமாரின் முதுகுக்கு மேலால் எட்டி, மாலையைப் பற்றி, அமரரை ஒரே இழுவையில் இழுத்து எறிந்து, சுவிச்சில் அறைந்தாள். கண்ணாடி உடைந்த சத்தமும் ரோலர் நின்ற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

தயாபரன் பிழைத்தார். காதோரத்தில் கொஞ்சம் தோல், பொன்னாடையில் பாதி. அவ்வளவுதான் சேதம். சான்றிதழ் தட்டை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள்.

மறுபடியும் மேல்மாடி. இந்த முறை தயாபரனும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மேசையின் தலைப்பில் இருந்தார். புதுக் கண்ணாடி போட்ட படம் அதே சுவருக்கு, அதே சுவிச்சுக்கு முன்னால், காலையிலேயே திரும்பிப் போயிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன ராக்கையும் வைத்திருந்தார்கள். அவசர நேரத்தில் பாதணிகளைத் தேடி அலையாமல் அதில் வைக்கலாம். விசாரணைக் குழுவின் ஏகமனதான பரிந்துரை அது.

சாந்தகுமார் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்பிடாதேங்கோ. இங்க ஒருத்தரையும் குற்றம் சொல்லுறேல்ல. ரதி, அமரரின்ர படத்தில கை வைக்கேக்க, நீங்கள் ஏன் செருப்பைக் கழட்டேல்ல?"

ரதி அவரைப் பார்த்தாள். பகிடியில்லை. உண்மையாகவே கேட்டார்.

"நீங்கதானே சார் கட்டி வுட்டீங்க."

"அது வேற விசயம். மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே? இதில போட்டிருக்கு: 'உணர்வின்மை காரணமான மனிதத் தவறு'. கையெழுத்துப் போடுங்கோ."

பேனா மேசையில் உருண்டு அவள் பக்கம் வந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"போடலீங்க சார்."

"போடாட்டி வேலை?"

"வேல உங்க கையில இருக்குங்க. தப்பு என் கால்ல இல்ல."

தயாபரன் முதல்முறையாக வாய் திறந்தார். "அவ போடாட்டி ஆரின்ர பேரைப் போடுறது, சாந்தன்? மெசின்ல பிழையில்லை. சுவரில பிழையில்லை. எல்லாத்தையும் கழிச்சா ஒரு மனிசன் மிஞ்ச வேணுமெல்லே." பஞ்சு வைத்த காதை மெல்லத் தொட்டுக்கொண்டார். "சுவிச்சுக்குக் கிட்ட நிண்டது ஆர்?"

கீழே ரோலர் சுற்றிக்கொண்டிருந்தது. சாந்தகுமார் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார், மடித்தார், மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"விசாரணை ஒத்திவைக்கப்படுது. நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ."

ரதி எழும்பினாள். குனிந்து கணுக்கால் கொக்கிகளை அவிழ்த்து, இரண்டு வார்களையும் மேசையில் வைத்தாள். குனிந்தபோதுதான் மேசைக்குக் கீழே அதைக் கண்டாள்.

"புதுச் சப்பாத்து நல்லா இருக்குங்க சார்," என்றாள்.

லேஸ் இல்லாத சப்பாத்து. அதற்குள்ளிருந்த இரண்டு கால்களும் அவரைக் கேளாமலே கதிரைக்கு அடியில் பின்வாங்கின.